மச்சில் கிடைத்த சித்தப்பாவின் ரெக்கார்டு பெட்டி: பூசணமும் பப்படமும்

முட்டம்_கலங்கரை

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவில், கடல் காற்று நேராக வந்து அடிக்கிற பழைய ஓட்டு வீடு. ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் போடலாம் என்று போன மாதம் மச்சைக் காலி பண்ணினோம். உடைந்த தொட்டில், வலைத் துண்டு, ஒரு பெட்ரோமாக்ஸ், எல்லாவற்றுக்கும் பின்னால் சுவரோடு ஒட்டி ஒரு அயினிப் பலகைப் பெட்டி. சித்தப்பாவின் ஸ்பேனர் செட் என்று நினைத்து இழுத்தேன், அசையவில்லை. திறந்தால் பூராவும் ரெக்கார்டு. பெரிய தட்டு 58, சின்னத் தட்டு 37.

சித்தப்பா 1976 முதல் 84 வரை சரக்குக் கப்பலில், என்ஜின் ரூமில் ஆயிலர். ஊரில் கப்பலுக்குப் போன மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் கொண்டு வந்தார்கள். இவர் இதைச் சுமந்திருக்கிறார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. பிளேயரை எப்போதோ விற்றுவிட்டாராம். சித்தியிடம் கேட்டால், "அந்தச் சத்தத்துக்கு மாடு கயித்த அறுக்கும்" என்பதற்கு மேல் ஒன்றும் பெயரவில்லை.

நெட்டில் பார்த்தவரை எல்லாம் பங்க், நியூ வேவ், பவர் பாப் என்கிற இங்கிலீஷ் ராக் பாட்டு வகை. செக்ஸ் பிஸ்டல்ஸ், தி கிளாஷ், தி டேம்ண்ட், பஸ்காக்ஸ், எக்ஸ்.டி.சி., எல்விஸ் காஸ்டெல்லோ, சீப் டிரிக், தி நாக், தி போலீஸ். எனக்கு இதில் ஒருவரையும் தெரியாது.

முதலில் நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நிறையத் தட்டுகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நல்லமிளகில் பூசணம் பிடித்தால் வெயிலில் போடுவோம் இல்லையா, அதே யோசனையில் பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்து நாலு தட்டைக் காயப்போட்டேன். பத்தரைக்கு வைத்தது. ஒரு சாயா குடித்து, பேப்பர் பார்த்து, பன்னிரண்டு மணிக்கு ஏறிப் பார்த்தால் ஒன்று பப்படம் மாதிரி எழும்பி நிற்கிறது. தி ஜாம் குழுவின் 'இன் தி சிட்டி'. மற்ற மூன்றும் தண்ணித் தொட்டி நிழலில் கிடந்ததால் தப்பித்தன.

இனி குழப்பங்கள். டேம்ண்ட் தட்டின் பின் அட்டையில் இருக்கும் படம் அந்தக் குழுவே இல்லை, வேறு யாரோ. காஸ்டெல்லோ அட்டை கோணலாக வெட்டப்பட்டு, ஓரத்தில் அச்சகக்காரர்கள் போடும் கலர்க் கட்டங்கள் தெரிகின்றன, தலைப்பின் முதல் எழுத்தே போய்விட்டது. கிளாஷின் 'லண்டன் காலிங்' நாலாம் பக்கத்துக்கு அட்டையில் நாலு பாட்டு போட்டிருக்கிறது, தட்டில் எண்ணினால் ஐந்து பட்டை. சீப் டிரிக் தட்டைச் சுற்றி ஜப்பான் எழுத்தில் ஒரு காகிதப் பட்டி, பாதி கிழிந்திருக்கிறது, எடுத்துப் போடலாமா? கறுப்பு அட்டையில் மலை மாதிரி வெள்ளைக் கோடுகள் மட்டும் வரைந்த ஒன்று, முன்னால் பெயரே இல்லை. ஒரு சின்னத் தட்டின் நடுவில் ரூபாய் நாணயம் விழுகிற அளவு ஓட்டை. போதாததற்கு எல்லா அட்டையின் பின்னாலும் சித்தப்பா பால் பேனாவில் ஊரும் மாதமும் எழுதியிருக்கிறார். அதை அழிக்க வழி உண்டா?

ஆக்கர் கடைக்காரர், அதாவது பழைய சாமான் எடுப்பவர், மொத்தத்துக்கும் நானூறு என்றார். திருவனந்தபுரத்தில் ஒருவர் வாட்ஸாப்பில் போட்டோ பார்த்துவிட்டுப் பதினைந்தாயிரம் தருகிறேன், நாளைக்கே வண்டி அனுப்புகிறேன் என்கிறார். ஆனால் செக்ஸ் பிஸ்டல்ஸின் 'காட் சேவ் த குயின்' சின்னத் தட்டு லட்சக்கணக்கில் போகும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். என்னிடம் அது இருக்கிறது. என்ன செய்யலாம்?

வடசேரி_சந்தை

மக்கா, ஒரு நாளும் பார்த்திராத சாமானுக்கு நாளைக்கே வண்டி அனுப்புகிறேன் என்று ஒருத்தன் சொன்னால், அவனுக்கு விலை தெரியும், உனக்குத் தெரியாது என்று அர்த்தம். வடசேரியில் மாடு வாங்குகிறவன்கூட ரெண்டு சுற்று சுற்றிப் பல்லைப் பார்ப்பான்.

எனக்கு ரெக்கார்டு பற்றி ஒன்றும் தெரியாது. தக்கலை அண்ணன் வரட்டும்.

தக்கலை_மைக்செட்

வந்தாச்சு.

தம்பி, அப்பா தக்கலையில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், சர்ச் கொடியேற்று, அம்மன் கோயில் கொடை எல்லாவற்றுக்கும் தென்னையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி ரெக்கார்டு போட்டு வளர்ந்தவன் நான். எங்களிடம் இங்கிலீஷ் என்றால் போனி எம், ஆபா, அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் சரக்கை நான் முதலில் பார்த்ததே மஸ்கட்டில், 1991இல். ஊருக்குத் திரும்பிப் போகிற ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் வாசலில் வைத்திருந்த அட்டைப்பெட்டியிலிருந்து இரண்டு ரியாலுக்கு ஒரு தட்டு எடுத்தேன். அட்டை கோணலாக இருந்தது. விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடினேன். அவர் சிரித்தார். அது உங்களிடம் இருக்கிற அதே காஸ்டெல்லோ, 'திஸ் இயர்ஸ் மாடல்'.

அந்தக் கோணல் வேண்டுமென்றே செய்தது. 1978இல் இங்கிலாந்தில் வந்த முதல் அச்சில் அட்டையை நகர்த்தி வெட்டி, கலர்க் கட்டங்கள் தெரியும்படி விட்டார்கள். டேம்ண்ட் கதையும் அதே போலத்தான். 1977 பிப்ரவரியில் ஸ்டிஃப் கம்பெனி அந்தத் தட்டை வெளியிட்டபோது முதலில் அச்சான கொஞ்சம் அட்டைகளில் மட்டும் எடி அண்ட் த ஹாட் ராட்ஸ் என்கிற வேறு குழுவின் படத்தைப் போட்டு, "தவறுக்கு வருந்துகிறோம்" என்று ஒரு ஸ்டிக்கரும் ஒட்டி விற்றார்கள். வருத்தமெல்லாம் நாடகம். ஸ்டிக்கர் இருக்கிறதா பாருங்கள். தட்டும் அட்டையும் நல்ல நிலையில் இருந்தால் அது ஒன்றே உங்கள் திருவனந்தபுரத்துக்காரரின் பதினைந்தாயிரத்தைத் தாண்டும். அவர் எதற்கு அவசரப்படுகிறார் என்று இப்போது புரிகிறதா?

பிஸ்டல்ஸ் விஷயத்தில் கொஞ்சம் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கில் போவது ஏ அண்ட் எம் கம்பெனி லேபிள் ஒட்டிய தட்டு. 1977 மார்ச் 10ஆம் தேதி பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள், ஒரு வாரம் முடிவதற்குள் கம்பெனி அவர்களைக் கழற்றிவிட்டது. அதற்குள் அடித்து வைத்திருந்த 25,000 தட்டில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். தப்பியது கைவிரல் கணக்கு. அப்புறம் மே மாதம் வர்ஜின் கம்பெனி அதே பாட்டை வெளியிட்டு, இங்கிலாந்துப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது. அந்தத் தட்டு வீட்டுக்கு வீடு இருக்கும். உங்களுடையது எந்த லேபிள்? வர்ஜினாகத்தான் இருக்கும். கப்பல்காரர் கடையில் காசு கொடுத்து வாங்கியது வேறாக இருக்க வழியில்லை.

பஸ்காக்ஸில் 'ஸ்பைரல் ஸ்கிராட்ச்' இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். குடும்பத்திடமும் நண்பர்களிடமும் 500 பவுண்ட் கடன் வாங்கி, 1976 டிசம்பர் 28ஆம் தேதி மான்செஸ்டரில் ஒரே நாளில் பதிவு செய்து, கம்பெனியே இல்லாமல் அவர்களாகவே 1977 ஜனவரியில் வெளியிட்ட நாலு பாட்டு. முதலில் அடித்தது ஆயிரம்தான். எந்தப் பாட்டு எத்தனையாவது டேக் என்றுகூட அட்டையில் எழுதி வைத்திருப்பார்கள், ஒளிவு மறைவு இல்லாத ஆட்கள். 1979இல் மறுபடி அடித்தபோது அட்டையில் "ஹோவர்ட் டிவோட்டோவுடன்" (அதற்குள் விலகிப்போயிருந்த முதல் பாடகர்) என்று ஒரு வரி சேர்த்தார்கள். அந்த வரி இருந்தால் மறுபதிப்பு.

இப்போது வெள்ளை. அது இரண்டு வகை, பார்க்க ஒன்று போலவே இருக்கும். இருட்டறையில் தட்டைச் சாய்த்துப் பிடித்து டார்ச் அடியுங்கள். புள்ளி புள்ளியாக, ஓரத்தில் வேர் இறங்கினது போல, துணியால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்தால் பூசணம். கழுவினால் போகும். தட்டு முழுக்க ஒரே சீராகப் புகை படிந்த மாதிரி மங்கி, துணியில் ஒன்றும் வராமல் இருந்தால் அது வேறு வியாதி. சித்தப்பா சில தட்டுகளுக்குக் கனத்த பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாரா? அந்த பி.வி.சி. உறையை வளையச் செய்வதற்குச் சேர்த்திருக்கும் எண்ணெய்ப் பொருள் வருஷக்கணக்கில் கசிந்து தட்டின் மேல் ஏறிவிடும். எத்தனை கழுவினாலும் போகாது. ஓடவிட்டால் பின்னாலிருந்து சட்டியில் மீன் பொரிக்கிற சத்தம் வரும். செய்ய ஒன்றுமில்லை, உறையைக் கழற்றி எறிந்துவிட்டு மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

பூசணத்துக்கு நான் செய்வது: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நாலு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, வாசனை இல்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டு. குழாய்த் தண்ணீர் வேண்டாம், உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் சத்தியமாக வேண்டாம், உப்பு பள்ளத்துக்குள் படிந்துவிடும். மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகிற போக்கிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே இழுக்கக் கூடாது. நடு லேபிள் நனையக் கூடாது. ஒரு பழைய எவர்சில்வர் டப்பா மூடியை லேபிள் மேல் கவிழ்த்து அமுக்கிக்கொண்டால் போதும். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை. நிழலில் நிறுத்தி ஃபேன் காற்றில் காயட்டும். திண்ணையில் வைத்துச் செய்யுங்கள், மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. கழுவின தட்டைப் பழைய உள்ளுறையிலேயே திரும்ப வைத்தால் பூசணமும் கூடவே வீட்டுக்கு வரும். புது உறை வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்கச் சின்னத் தட்டுகளில் சில வினைல் அல்ல, ஸ்டைரீன் என்கிற வேறு பிளாஸ்டிக். சுண்டினால் கண்ணாடி வளையல் போல உயர்ந்த சத்தம் வரும். ஆல்கஹால் பட்டால் அது கெட்டுப்போகும். அதற்குத் தண்ணீரும் சோப்பும் மட்டும். உங்கள் பெரிய ஓட்டைத் தட்டு அமெரிக்காவில் அடித்தது. அங்கே சின்னத் தட்டுக்கு ஒன்றரை அங்குல ஓட்டைதான் வழக்கம். நடுவில் சொருக ஒரு பிளாஸ்டிக் வில்லை உண்டு. அந்த நாக் பாட்டு 'மை ஷரோனா' தானே? 1979இல் அமெரிக்காவில் ஆறு வாரம் முதலிடத்தில் நின்றது. அதனாலேயே மலிவு.

ஜப்பான் பட்டிக்கு ஓபி என்று பேர், அரைக்கச்சை என்று அர்த்தம். தப்பித்தவறியும் எறியாதீர்கள். 'சீப் டிரிக் அட் புடோகான்' 1978இல் முதலில் ஜப்பானில் மட்டும்தான் வந்தது. அமெரிக்காவில் இறக்குமதித் தட்டை விழுந்து விழுந்து வாங்கினார்கள் என்பதால்தான் அடுத்த வருஷம் அங்கேயே வெளியிட்டார்கள். பட்டி கிழிந்திருந்தாலும் பட்டிதான். உள்ளே சிறு புத்தகம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள். எக்ஸ்.டி.சி.யில் 'டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்' இருந்தால் உறைக்குள் கைவிட்டுத் துழாவுங்கள், முதல் அச்சோடு ஒரு சின்னத் தட்டு இலவசமாகக் கொடுத்தார்கள்.

லண்டன் காலிங் பற்றி நான் இப்போது சொல்ல மாட்டேன். நாலாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வெறுமையாக ஒரு வளையம் இருக்கும் பாருங்கள், அங்கே டார்ச்சைச் சாய்த்து அடித்து என்ன கீறியிருக்கிறது என்று படித்துவிட்டு வாருங்கள். அப்படியே காஸ்டெல்லோவிலும்.

முட்டம்_கலங்கரை

அண்ணே, கையெல்லாம் நடுங்குகிறது.

முதலில் பிஸ்டல்ஸ்: வர்ஜின். நீங்கள் சொன்னபடிதான். பஸ்காக்ஸில் அந்தக் கூடுதல் வரி இருக்கிறது, அதுவும் போச்சு. டேம்ண்ட் பின்னட்டையில் ஸ்டிக்கர் இருக்கிறது, ஒரு மூலையை ராமபாணம் தின்றிருக்கிறது.

நேற்று ராத்திரி கரண்ட் போனது, நல்லதாகப் போயிற்று என்று டார்ச்சோடு உட்கார்ந்தேன். லண்டன் காலிங் நாலாம் பக்க வளையத்தில் முள்ளால் கீறின மாதிரி கையெழுத்து. 'டிரெயின் இன் வெயின்' என்று வாசித்தேன். அட்டையில் அப்படி ஒரு பாட்டே இல்லை!

காஸ்டெல்லோவில் இன்னும் வேடிக்கை. ஒரு போன் நம்பர் எழுதி, கூப்பிட்டு மொய்ரா என்பவரிடம் பரிசைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. சித்தப்பா போன் பண்ணியிருப்பாரா?

தக்கலை_மைக்செட்

அதே, அதே.

அந்தப் பாட்டை ஒரு இசைப் பத்திரிகையோடு இலவசத் தட்டாகக் கொடுக்க வைத்திருந்தார்கள். அது நடக்கவில்லை. கடைசி நேரத்தில் ஆல்பத்தில் சேர்த்தபோது அட்டை அச்சாகி முடிந்துவிட்டது. தட்டில் கீறிவிட்டார்கள். 1979 டிசம்பர். இரண்டு தட்டு, ஒரு தட்டின் விலையில் விற்றார்கள்.

அந்த வளையத்தைப் படிக்காமல் எந்த ரெக்கார்டையும் வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது. அட்டை மாறிப்போகலாம், உள்ளே வேறு தட்டை வைத்து ஏமாற்றலாம். கீறின மேட்ரிக்ஸ் நம்பர்தான் எந்த அச்சு என்று சொல்லும். சிலதில் தட்டு வெட்டிய ஆள் தன் கையெழுத்தே போட்டிருப்பார். லண்டனில் ஜார்ஜ் பெக்கம் என்று ஒருவர், 'எ போர்க்கி பிரைம் கட்' என்று கீறுவது அவர் வழக்கம். அது தெரிந்தால் எனக்கு ஒரு தெம்பு வரும், தட்டு ஓங்கிப் பேசும். எல்லா நம்பரையும் ஒரு நோட்டில் எழுதி, எந்த ரெக்கார்டுக்கு எந்த அச்சு என்று தொகுத்து வைத்திருக்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். 95 தட்டுக்கு ஒரு வாரம் ஆகும். ஆகட்டும்.

விற்பதாக இருந்தால் நிலையை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நியர் மின்ட் (ஏறக்குறையப் புதுசு), அதற்குக் கீழே வி.ஜி. பிளஸ், அதற்கும் கீழே வி.ஜி. (வெரி குட்) என்று படிகள் உண்டு. இதில் வி.ஜி. என்றால் ரொம்ப நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். தரகர் "வீடு கொஞ்சம் பழசு" என்று சொல்வாரே, அந்த மாதிரி. ஒரு படி இறங்கி வி.ஜி. பிளஸ் ஆனாலே விலை பாதிக்குப் பக்கம் வந்துவிடும். அட்டைக்குத் தனிப் படி. நம் மாவட்டத்தில் இடவப்பாதியும் பெய்யும், துலாமழையும் பெய்யும், அட்டை நியர் மின்டாக இருக்க வாய்ப்பே இல்லை. பால் பேனா எழுத்தும் விலையைக் குறைக்கும், அதை மறைக்க முடியாது. பெட்ரோல், நெயில் பாலிஷ் ரிமூவர் என்று எதையாவது தடவி அழிக்கப் பார்த்தால் அட்டை வெளுத்து இன்னும் கேவலமாகும்.

மார்த்தாண்டம்_தேன்கூடு

தக்கலை அண்ணனோடு ஒரு சின்னச் சண்டை போடத்தான் லாகின் செய்தேன்.

நான் பழைய பத்திரிகை, பழைய புத்தகம் சேர்க்கிறவள். ரெக்கார்டு பக்கம் வந்தது திருவனந்தபுரத்தில் படிக்கும்போது பிளாண்டியின் 'பேரலல் லைன்ஸ்' கேட்ட பிறகு. பங்க் ஆட்கள் கோபத்தில் கத்திக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இவர்கள் மூன்று நிமிஷத்தில் ஒரு நல்ல மெட்டை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். பவர் பாப் என்ற பேச்சுகூட பங்க்குக்கு முந்தியது. தி ஹூ குழுவின் பீட் டவுன்ஷெண்ட் 1967இலேயே சொல்லியிருக்கிறார். அண்ணனுக்கு நாக் என்றால் இளப்பம். எனக்கு அது மலிவாகக் கிடைப்பதில் சந்தோஷம்.

முட்டம் தம்பி, அந்த மலைக்கோடு அட்டை ஜாய் டிவிஷனின் 'அன்னோன் பிளஷர்ஸ்', 1979, மான்செஸ்டரின் ஃபேக்டரி கம்பெனி. அது மலை இல்லை. வானத்தில் துடிக்கிற ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்த ரேடியோ அலையை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தது. பழைய அச்சில் அட்டை வழவழப்பாக இருக்காது, சொரசொரவென்று துணி மாதிரி இருக்கும். அதை ஈரத் துணியால் தொடவே தொடாதீர்கள். ஓவியம் வரைகிற அகலமான மென் பிரஷ் ஒன்று வாங்கி, மேலிருந்து கீழாக ஒரே பக்கமாகத் தட்டுங்கள். அந்தச் சொரசொரப்புக்குள் பூசணம் உட்கார்ந்தால் எடுக்கிற வழி எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

ராமபாணம் தின்பது காகிதத்தையும் பசையையும். வினைலை ஒன்றும் செய்யாது. அதனால் அட்டைகளை ஒரு நாள் நிழலில் விரித்து வைத்து, ஒவ்வொன்றின் முதுகையும் விரித்துப் பாருங்கள், முட்டையும் தூளும் அங்கேதான் இருக்கும். பெட்டியை விட்டுவிடுங்கள். அயினி நல்ல மரம்தான், ஆனால் மூடி வைத்தால் உள்ளே புழுக்கம். திறந்த அலமாரியில், வெளிச்சுவரில் ஒட்டாமல் நாலு விரல் தள்ளி, செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கப் போட்டு அடுக்கினால் அடியில் இருப்பது வளையும், அட்டையில் வட்டத் தடமும் விழும்.

இனி சண்டை. அண்ணன் பேனா எழுத்தால் விலை குறையும் என்கிறார். குறையட்டும். தம்பி, அந்த எழுத்துகளை முதலில் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். எந்த ஊர், எந்த மாதம், எந்தத் தட்டு. எனக்கு அது வேண்டும்.

முட்டம்_கலங்கரை

எழுதினேன் அக்கா. எல்லாம் போடவில்லை, சிலது மட்டும்.

டேம்ண்ட்: டில்பரி, 77 மார்ச். அதாவது வந்து ஒரு மாதத்துக்குள். காஸ்டெல்லோ: லிவர்பூல், 78 ஜூன். சீப் டிரிக்: யோகோஹாமா, 78 நவம்பர். நாக்: பால்டிமோர், 79 அக்டோபர். தி போலீஸின் 'ரெகாட்டா டி பிளாங்க்': பம்பாய், 80 மார்ச். லண்டன் காலிங்கில் மட்டும் ஊர் இல்லை, "2 தட்டு, 1 விலை" என்று தமிழில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்.

மார்த்தாண்டம்_தேன்கூடு

பம்பாய், 80 மார்ச்!

தி போலீஸ் பம்பாயில் வந்து வாசித்தது 1980 மார்ச் 26ஆம் தேதி. மற்றதெல்லாம் கப்பல் நின்ற துறைமுகம் என்று வைத்துக்கொள்ளலாம். இது என்ன? சித்தியிடம் கேளுங்கள். டிக்கெட் ஏதாவது அட்டைக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முட்டம்_கலங்கரை

டிக்கெட் இல்லை. உள்ளுறையைப் பிரித்துக்கூடப் பார்த்துவிட்டேன்.

சித்தியிடம் கேட்டேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை. "அந்த வருசம் கப்பலு கெடைக்காம மூணு மாசம் பம்பாயில கெடந்தாரு. வீட்டுக்குப் பத்துப் பைசா வரல்ல. எங்க அம்ம கிட்ட வாங்கித்தான் கஞ்சி குடிச்சோம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப பாட்டுக் கச்சேரிக்கா போனாரு?" என்று என்னிடம் கேட்டார். தெரியாது சித்தி என்றேன். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

வடசேரி_சந்தை

நாற்பது வருஷம் கழிச்சு ஒரு மனுஷனை மாட்டிவிட்டீங்களே மக்கா.

தக்கலை_மைக்செட்

தேன்கூடு அம்மா, சண்டையில் நீங்கள் ஜெயித்தீர்கள். எழுத்து இருக்கட்டும்.

தம்பி, திருவனந்தபுரத்துக்காரருக்கு என்ன பதில் சொன்னீர்கள்?

முட்டம்_கலங்கரை

நேற்று முப்பதாயிரம் வரை ஏறினார். பெட்டியோடு தர வேண்டுமாம். சித்தியின் சொத்து, அவரைக் கேட்காமல் முடியாது என்று சொல்லிவிட்டேன். சித்தியிடம் கேட்டதற்கு, "மொதல்ல அத ஒருக்கப் போட்டுக் காட்டு, எதுக்கு இவ்வளவு பைசான்னு பாப்போம்" என்கிறார். எங்கே போடுவது? ஆன்லைனில் சூட்கேஸ் மாதிரி ஒரு பிளேயர் நாலாயிரத்துக்கு வருகிறது, வாங்கலாமா?

தக்கலை_மைக்செட்

வேண்டவே வேண்டாம். அந்தச் சூட்கேஸ் வகையில் பலது செராமிக் ஊசி, ஐந்து ஆறு கிராம் பாரத்தில் பள்ளத்தை உழும். நல்ல பிளேயரில் ஊசியைத் தாங்குகிற மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராமுக்குள் ஓடும். கழுவாத பூசணத் தட்டைப் போட்டால் ஊசியும் சேர்ந்து போகும், அதனால் எதில் போட்டாலும் கழுவிவிட்டுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் தக்கலைக்கு வாருங்கள், சித்தியையும் கூட்டிக்கொண்டு. லண்டன் காலிங், போலீஸ், டேம்ண்ட் மூன்றையும் கழுவிக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். பஸ்ஸில் மடியில் நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், ஜன்னல் வெயில் படாத பக்கம். பெரிய ஓட்டைக்கு வில்லை என்னிடம் இருக்கிறது, அப்பா காலத்து அலுமினிய வில்லை. எங்கள் வீட்டில் மாடு கிடையாது, சித்தி பயப்பட வேண்டாம்.

அந்தப் பப்படத்தையும் எடுத்து வாருங்கள். வினைல் 60 டிகிரி பக்கம் போனாலே இளகிவிடும், மொட்டை மாடித் தளத்துக்கு அது ஒரு விஷயமே இல்லை. இரண்டு தடித்த கண்ணாடிக்கு நடுவில் வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி, ஒரு மாதம் அப்படியே விட்டுப் பார்ப்போம். முழுதாக நேராகாது. ஊசி துள்ளாமல் ஓடினால் போதும்.

முட்டம்_கலங்கரை

வருகிறேன் அண்ணே. சித்தி வருகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் தக்கலைக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டார்.